உத்தமமும் ஊதியமும்

தேர்வு முடிவு வெளிவருங்கால் நம்மவரிடையே ஒரு பேச்சு உண்டு. தேறினவனைக் கர்த்தர் ஆசீர்வதித்தார் என்போம். தவறினவனைக் கண்டால், அவன் ஜெபத்திற் குறையிருந்ததோ என மெல்லப் பேசிக்கொள்வோம். சென்ற ஆண்டில் அவ்வாறு பேசப்பட்ட நண்பர் ஒருவர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பேசினவருள் யாமும் இருந்தோம்.

வெற்றியே பக்திக்கு அளவுகோலாயின், தரங்கம்பாடிச் சீகன்பால்கு ஐயரை எங்கே வைப்பது? 1706-இல் வந்திறங்கிய அவர், டேனியர் கோட்டையிலே ஏறக்குறைய 4 திங்கள் சிறையிருந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார், மெய்தான். பழைய ஏற்பாட்டையோ ரூத்தின் சரித்திரம் வரையிலேயே பெயர்த்தார். இறுதிக்காலத்தில் கோபன்ஹேகனிலிருந்து அவருக்கு வந்தவை கண்டனக் கடிதங்கள். 1719-இல், 36 வயதில், காலஞ்சென்றார். எஞ்சிய பகுதி சூல்ச் ஐயரால் 1728-இல் நிறைவேறிற்று. அதனைக் காணாது இறந்தவரது ஜெபத்திற் குறை சொல்வார் உளரோ?

பின்வந்த நிறைவைக் காட்டி, உத்தமம் ஒருநாள் பலன் தரும் என்று தேற்றுவார் சிலர். அத்தேற்றம் எமக்குப் போதவில்லை. அதுவும் ஊதியக் கணக்கே. தாலந்துகளின் உவமையிலே ஐந்து சம்பாதித்தவனும் இரண்டு சம்பாதித்தவனும் எஜமானிடம் பெற்ற புகழ்மொழி ஒன்றே. சொல்லுக்குச் சொல் வேறுபாடில்லை. அவ்விரு தொகைகளையும் அவர் ஒப்பிட்டதாக அங்கே காணோம். ஒப்பிடுகிறவர் நாமே.

அந்நண்பரைக் காண யாம் இன்னும் சென்றோமில்லை. மறுபடியும் தேர்வெழுதுகிறார் என்று மாத்திரம் கேள்வி.