"எந்தச் சீட்டு நல்ல சீட்டு, சார்?"

அன்புள்ள பழைய மாணவர்களே, சொந்தபந்தங்களே,

இது கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் கணக்கு வரும். வாத்தியார் எழுதினால் அப்படித்தான். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் நியூஜெர்சியில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு எக்செல் தாள் அனுப்பினான். அங்கே பெட்ரோல் பங்க் கடைகளில் விற்கும் சுரண்டல் லாட்டரிச் சீட்டுகளின் பட்டியல் அது. எதில் நாலு சீட்டுக்கு ஒன்று விழும், எதில் மூன்றரைக்கு ஒன்று விழும், எதில் பெரிய பரிசு இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பச்சை, மஞ்சள் அடித்து வைத்திருந்தான். கீழே ஒரு வரி: "சார், நீங்க காசு சுண்டி, தாயக்கட்டை உருட்டிச் சொல்லிக்கொடுத்த அதே கணக்குதான். சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தேன். கூட்டல், வகுத்தல் எல்லாம் சரி. கேள்விதான் தப்பு. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், பெயர் போடவில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உங்களில் சிலரும் இதே வேலை பார்ப்பதாக அவனே சொன்னதால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்த "நாலுக்கு ஒன்று" என்ன என்று பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். விலை 10 டாலர். மொத்தம் 1000 சீட்டு. வசூல் 10,000 டாலர். பரிசு இப்படி:

150 சீட்டுக்குத் தலா 10 டாலர் = 1,500
70 சீட்டுக்குத் தலா 20 டாலர் = 1,400
25 சீட்டுக்குத் தலா 50 டாலர் = 1,250
4 சீட்டுக்குத் தலா 200 டாலர் = 800
1 சீட்டுக்கு 2,000 டாலர் = 2,000

பரிசுச் சீட்டுகளை எண்ணுங்கள். 250. ஆயிரத்தில் 250 என்றால் நாலுக்கு ஒன்று. சீட்டின் பின்னால் போடுவது இதைத்தான். பொய் இல்லை. ஆனால் அந்த 250-ல் 150 பேருக்குக் கிடைப்பது அவர்கள் கொடுத்த அதே 10 டாலர். உங்கள் பையில் இருந்ததை உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அதற்குப் "பரிசு" என்று பெயர். உண்மையில் ஒரு டாலராவது கூடப் பார்ப்பவர்கள் 100 பேர். அதாவது பத்துக்கு ஒன்று.

இப்போது தொகையைக் கூட்டுங்கள். 6,950. வாங்கியது 10,000, கொடுத்தது 6,950. நூறு போட்டால் அறுபத்தொன்பதரை திரும்பும். நான் கேட்கச் சொல்லும் ஒரே கேள்வி இதுதான்: "எத்தனைக்கு ஒன்று விழும்" என்று கேட்காதீர்கள், "நூறு போட்டால் எவ்வளவு திரும்பும்" என்று கேளுங்கள்.

"சார், விலை கூடின சீட்டுல திரும்புறது அதிகம்" என்று அவன் சொன்னான். பொதுவாக அது உண்மைதான். ஒரு டாலர் சீட்டில் நூற்றுக்கு 60 திரும்புகிறது, 20 டாலர் சீட்டில் 75 திரும்புகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டாலர் சீட்டு ஒன்று வாங்கினால் சராசரி நஷ்டம் 40 சென்ட். 20 டாலர் சீட்டு ஒன்று வாங்கினால் 5 டாலர். பன்னிரண்டரை மடங்கு. "நல்ல" சீட்டுக்கு மாறியதில் சதவீதம் ஏறியது, பையில் ஓட்டை பெரிதானது.

அடுத்தது "பெரிய பரிசு மிச்சம் இருக்கான்னு பார்த்து வாங்கணும்" என்ற யோசனை. இதில் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். நம் உதாரணத்தில் அந்த 2,000 டாலர் முதல் நாளே யாருக்கோ போய்விட்டது என்று வையுங்கள். மீதிச் சீட்டில் நூறு போட்டால் ஐம்பது கூடத் திரும்பாது. ஆனாலும் பின்னால் "நாலுக்கு ஒன்று" என்றுதான் இருக்கும், அதுவும் பொய் ஆகாது! 2008-ல் வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்காட் ஹூவர் என்ற பேராசிரியர் இதற்காகவே வழக்குப் போட்டார். 5 டாலர் கொடுத்து அவர் வாங்கிய சீட்டின் முதல் பரிசு 75,000 டாலர், அவர் வாங்குவதற்கு முன்பே வேறொருவருக்குப் போயிருந்தது. இன்று பல மாநிலங்களில் மிச்சமுள்ள பெரிய பரிசுகளின் பட்டியலைப் போடுகிறார்கள். ஆகவே பட்டியலைப் பார்ப்பது மோசமான சீட்டைத் தவிர்க்க உதவும். நல்ல சீட்டைக் கண்டுபிடிக்க உதவாது. விற்காமல் எத்தனை சீட்டு கிடக்கிறது என்று சரியாகத் தெரியாமல், மிச்சப் பரிசை வைத்து என்ன வாய்ப்புக் கணக்குப் போடுவது? வகுக்க வேண்டிய எண்ணே கையில் இல்லை.

"ரெண்டு படம் விழுந்துச்சு சார், மூணாவதுதான் தவறிப்போச்சு" என்பான். ஒன்றும் தவறவில்லை, தம்பி. நீ சுரண்டும்போது எதுவும் முடிவாவதில்லை. அச்சடித்த அன்றே முடிவாகிவிட்டது. தோற்ற சீட்டிலும் இரண்டு படம் சேர்ந்து வரும்படி அச்சடித்தால்தானே மறு சீட்டு வாங்குவாய்?

உண்மையிலேயே நல்ல சீட்டைக் கண்டுபிடித்த ஒருவரை எனக்குத் தெரியும். 2003-ல் கனடாவின் டொராண்டோவில் மோகன் ஸ்ரீவாஸ்தவா என்ற புள்ளியியல் நிபுணர், சுரங்கங்களில் தாது எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுபவர். ஒரு சுரண்டல் சீட்டின் மேலே தெரியும்படி இருந்த எண்களில், ஒரே ஒரு முறை மட்டும் வரும் எண்கள் ஒரே வரிசையில் மூன்று இருந்தால் அது பரிசுச் சீட்டு என்று சுரண்டாமலே கண்டுபிடித்தார். பத்துக்கு ஒன்பது சரியாக வந்தது. பிறகு என்ன செய்தார்? ஒரு நாள் முழுக்கக் கடை கடையாக அலைந்தால் 600 டாலர் போலக் கிடைக்கும், அதைவிடத் தன் தொழிலில் அதிகம் வருகிறது, இதைவிட அது சுவாரசியமாகவும் இருக்கிறது என்று கணக்குப் போட்டார். லாட்டரி நிறுவனத்துக்கே தகவல் சொன்னார். அந்தச் சீட்டை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விடை தெரிந்தவரே விளையாடவில்லை. எக்செல் தாள் வைத்திருப்பவன் விளையாடலாமா?

அவனிடம் ஒன்று கேட்டேன். "ஆறு மாசம் எவ்வளவு போட்டே, எவ்வளவு எடுத்தே? கார்டு கணக்கைப் பார்த்துக் கூட்டிச் சொல்லு." மூன்று நாள் பதில் இல்லை. பிறகு வந்தது. போட்டது 4,160 டாலர். எடுத்தது 2,905. நூற்றுக்குக் கிட்டத்தட்ட எழுபது. அத்தனை பச்சை, மஞ்சளும் சேர்ந்து அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் இதுதான். அதை அவன் மனைவியிடம் அதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டான். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விழுந்த பணத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. அதே கவுன்டரில் மறுபடி சீட்டாகிறது. நூறு எழுபதாகும். எழுபதைப் போட்டால் நாற்பத்தொன்பது. மறுபடி போட்டால் முப்பத்துநாலு. நாலாவது சுற்றில் இருபத்துநாலு. நாலு தடவை "விழுந்துச்சு" என்று சந்தோஷப்பட்டு முடிக்கும்போது முக்கால் பங்கு போயிருக்கும்.

"உங்களுக்கு என்ன சார் தெரியும்" என்று நினைக்காதீர்கள். தெரியும். நானும் சுரண்டியவன்.

தமிழ்நாட்டில் 1968-ல் அரசு பரிசுச்சீட்டு தொடங்கியபோது "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்றார்கள். 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்யும்வரை, தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்டு சுரண்டல் லாட்டரிக் கடைதான். காலுக்குக் கீழே வெள்ளிப்பூச்சுத் தூள் கிடக்கும். சம்பள நாளில் நானும் நிற்பேன். வீட்டில் சொன்னதில்லை. இந்தப் பதிவில்தான் உங்கள் டீச்சரம்மாவுக்கே தெரியப்போகிறது.

ஒரு நாள் நாலணாவை வைத்துச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல். "சார், விழுந்துச்சா?" என் வகுப்புப் பையன். அவன் அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். அன்றாடக் கூலியில் பாதி அந்தக் கடைக்குத்தான் போகும். அதைத் தேடித்தான் அம்மா பையனை அனுப்பியிருந்தார். அடுத்த வருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். வீட்டுக்குப் போய் அவன் அப்பாவிடம், "சீட்டை விடுங்க, பையனைப் படிக்க வைங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்: "நீங்களும் அங்கதானே சார் நின்னீங்க."

என்னிடம் பதில் இல்லை. அன்றோடு விட்டேன். ஆனால் பையன் திரும்பி வரவில்லை. காசு சுண்டி, தாயக்கட்டை உருட்டி வாய்ப்புக் கணக்கு நடத்திய நான், பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த கடையைக் காட்டி ஒரு நாளாவது கணக்குப் போட்டிருக்கலாம். நூற்றுக்கு எவ்வளவு திரும்புகிறது என்று கரும்பலகையில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதினால் நானும் அதில் வருவேனே என்ற பயம். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்ட பாடத்தை இன்று நடத்துகிறேன்.

"பொழுதுபோக்குக்குத்தானே சார்" என்பவர்களுக்கு: சினிமாவுக்குப் போகிறவன் டிக்கெட் காசு திரும்பும் என்று எக்செல் போடுவதில்லை. நீங்கள் போடுகிறீர்கள் என்றால் அது பொழுதுபோக்கு இல்லை. எப்போதாவது ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மாதத்துக்கு ஒரு தொகை வையுங்கள், விழுந்ததை மறுபடி போடாதீர்கள், போட்டதையும் எடுத்ததையும் எழுதி வீட்டில் இருப்பவர் பார்க்கும் இடத்தில் வையுங்கள். நிறுத்த முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் யாரிடமாவது சொல்லுங்கள். எனக்குப் போன் செய்தாலும் சரி. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

இதற்கு லைக் போட வேண்டாம். ஆறு மாதக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். விடையை எனக்கு அனுப்ப வேண்டாம், வீட்டில் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்