சீமாட்டி யாருக்காகப் பேசினார்?

1943 பிப்ரவரி 18. வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை எழுந்து நின்று கைதட்டியது. பேசியவர் சியாங் கே-ஷேக்கின் மனைவி சூங் மெய்-லிங். சீனத்தின் குரல் என்று புகழ்ந்தார்கள்.

எந்தச் சீனத்தின் குரல் என்று கேட்கிறோம். ஜப்பானியரை விரட்ட உதவி கேட்டது குற்றமல்ல. ஆனால் அதே சமயத்தில் ஹெனான் மாகாணத்தில் விவசாயிகள் மரப்பட்டையைத் தின்று லட்சக்கணக்கில் மடிந்தார்கள். மழை பொய்த்தது மெய்தான். காய்ந்த வயலிலும் பட்டாளத்துக்கென்று தானிய வரி கறந்தது யார்? அம்மையார் கணவரின் சர்க்கார்!

1927 ஏப்ரலில் ஷாங்காய்த் தொழிலாளரைச் சுட்டுத் தள்ளினான் சியாங். அந்த டிசம்பரிலேயே அவனுக்கு மாலையிட்டார் இவர். அண்ணன் டி. வி. சூங் நிதி மந்திரி. பிறகு அக்காள் கணவர் குங் நிதி மந்திரி. கஜானாச் சாவி குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லை!

அதே வீட்டில் பிறந்தவர்தான் இன்னொரு அக்காள், சன் யாட்-சென்னின் மனைவி சூங் சிங்-லிங். 1927 படுகொலையைக் கண்டித்துச் சியாங் கூட்டத்தை உதறினார். 1949க்குப் பின்னும் சீன மண்ணிலேயே இருந்து, 1981ல் பீகிங்கில் கண்மூடினார்.

தங்கையோ 1948ல் மறுபடி டாலர் கேட்டு வாஷிங்டனுக்கு ஓடினார். ட்ரூமனே கையை விரித்துவிட்டார். 2003ல் அவர் மாண்டது நியூயார்க்கில்.