பிரம்பு எதைத் தடுத்திருக்கும்?

‘ஆசிரியர் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கினோம், பயம் போனது, மாணவன் அரிவாள் எடுக்கிறான்’ என்கிறார்கள் சிலர். அவர்களுக்கு என் பதில் இரண்டு.

ஒன்று: 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. தொல்லை தாங்காமல் அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். பள்ளியில் புகார் சொன்ன பிறகே அரிவாள் வந்தது. அங்கே இல்லாமல் போனது பிரம்பா, பாதுகாப்பா?

இரண்டு: அடித்தால், மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறு சட்டைக்குள் ஒளியும், அவ்வளவுதான். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கயிற்றை மட்டுமா தடுக்கச் சொன்னது? வருகைப் பதிவேட்டிலும் சாதி தெரியக் கூடாது என்றது. ஏட்டில் சாதியை வைத்துக்கொண்டு பையனை அடிப்பது என்ன நியாயம்?

பிரம்பு கேட்பவர்களே, புகார் சொன்ன பிள்ளையின் பெயர் வெளியே கசியாமலிருக்க வழி கேளுங்கள். இன்றே கேளுங்கள்.