தொட்டிக்குள் இருக்கும் காற்று

முன்னால் ஓட்டுநர் அறையும் பின்னால் திறந்த சரக்குப் பெட்டியும் கொண்ட பழைய அமெரிக்க பிக்கப் வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டுபவர்களின் கவனம் எஞ்சினிலும் வண்ணப்பூச்சிலும் நிற்பது இயல்பே. ஆயினும் 1967 முதல் 1972 வரை வெளிவந்த செவ்ரோலெட் சி-10 போன்ற ஒரு வண்டியில் எதை முதலில் மாற்ற வேண்டும் என்று கேட்டால், பெட்ரோல் தொட்டியை என்பதே பொறுப்பான விடை. அவ்வண்டியில் சுமார் 75 லிட்டர் கொள்ளும் தொட்டி ஓட்டுநர் அறைக்கு உள்ளேயே, இருக்கையின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. லிட்டருக்கு முக்கால் கிலோ என்று கொண்டால், ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேற்பட்ட பெட்ரோலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் அதை ஓட்டியவர்கள் ஊர் சுற்றினார்கள்.

இது ஒரு நிறுவனத்தின் விசித்திரம் அன்று. அதே காலத்து ஃபோர்டு எஃப்-100 வண்டியிலும் தொட்டி அங்கேதான் இருந்தது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், ஃபோர்டு மாடல் டி காரில் தொட்டி முன்னிருக்கைக்கு அடியிலும், 1927 இறுதியில் வந்த மாடல் ஏ காரில் முன்கண்ணாடிக்கு முன்னால், பயணிகளின் முழங்காலுக்கு நேரே மேலேயும் இருந்ததைக் காணலாம். பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப் அவற்றில் இல்லாமையால், எரிபொருள் தன் எடையாலேயே எஞ்சினுக்கு இறங்கி வர வேண்டியிருந்தது. மாடல் டி ஓட்டியவர்கள் பெட்ரோல் குறைந்திருந்த வேளைகளில் செங்குத்தான மேட்டில் பின்பக்கமாக ஏறியதற்கும் இதுவே காரணம். பம்ப் வந்த பிறகும் தொட்டி மனிதரை விட்டு விலகப் பல பத்தாண்டுகள் பிடித்தன என்பது சிந்திக்கத்தக்கது. 1973இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் பிக்கப் வண்டிகளின் தொட்டியை அறையிலிருந்து வெளியேற்றியபோதும், அதைச் சட்டத்தின், அதாவது வண்டியின் எடையைத் தாங்கும் இரு நீண்ட எஃகு விட்டங்களின், வெளிப்பக்கத்தில் பொருத்தியது. பக்கவாட்டில் மோதல் நிகழ்ந்தால் அடியை நேரே தாங்கும் இடம் அது. நீண்ட சர்ச்சைக்குப் பின், 1994இல் பாதுகாப்புத் திட்டங்களுக்காக 5 கோடி டாலருக்கும் மேல் வழங்க அந்நிறுவனம் அமெரிக்க அரசுடன் உடன்பாடு செய்துகொண்டது.

ஆகவே இன்று புதிதாகத் தொட்டி செய்விப்பவர்கள் பெரும்பாலும் இரு விட்டங்களுக்கும் நடுவே, பின் அச்சுக்குப் பின்னால், சரக்குப் பெட்டிக்கு அடியில் உள்ள இடத்தையே தேர்கிறார்கள். முதலில் அட்டையை வெட்டி அவ்விடத்தில் பொருத்திப் பார்த்து, புகைக்குழாயும் அச்சின் மேல்கீழ் அசைவும் இடிக்காத வடிவத்தைக் கண்டறிந்த பிறகே தகடு வெட்டப்படுகிறது. பழைய தொட்டிகள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு பூசிய எஃகுத் தகட்டால் ஆனவை; இப்போது 5052 என்னும் மக்னீசியம் கலந்த அலுமினியத் தகடு விரும்பப்படுகிறது. அது துருப்பிடிப்பதில்லை, விரிசல் விடாமல் வளைகிறது. ஆனால் எஃகுப் பட்டையால் அதை நேரடியாகக் கட்டினால், ஈரம் பட்ட இடத்தில் இரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும் என்பதால் நடுவே ரப்பர் வைப்பது கட்டாயம்.

தகட்டைப் பற்றிச் சொல்ல இவ்வளவே. தொட்டி செய்பவர் உண்மையில் கணக்கிட வேண்டியது உள்ளே இருக்கும் காற்றை. 90 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் கொண்ட பெட்டியில் 90 லிட்டர் கொள்ளும் என்றாலும், அதில் பத்தில் ஒரு பங்கையேனும் வெறுமையாக விட வேண்டும். 20 பாகை வெப்பம் கூடினால் 75 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் விரிந்துவிடும். அந்த வெற்றிடம் இருப்பதாலேயே திரவம் திருப்பங்களில் ஒருபக்கமாகப் பாய்கிறது. அதை அடக்க உள்ளே குறுக்குத் தடுப்புகள் வைக்கப்படுகின்றன. தடுப்பின் கீழ்மூலைகளை வெட்டிப் பெட்ரோலுக்கு வழிவிடுபவர்கள் மேல்மூலைகளை வெட்ட மறந்தால், காற்று ஓர் அறையில் சிக்கித் தொட்டி முழுமையாக நிரம்பாது. பெட்ரோல் குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே வரவும் ஒரு வழி வேண்டும். இல்லையெனில் பம்ப் திணறும். வண்டி கவிழ்ந்தால் அதே வழியாகப் பெட்ரோல் ஒழுகாதிருக்க, தானே மூடிக்கொள்ளும் வால்வு அதில் பொருத்தப்படுகிறது.

காற்றின் ஆபத்து முகம் தெரிவது பழைய தொட்டியைப் பற்றவைக்க முனையும்போதுதான். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 விழுக்காட்டுக்கும் 7.6 விழுக்காட்டுக்கும் இடைப்பட்டிருக்கும்போதே தீப்பற்றுகிறது. நிறைந்த தொட்டியின் மேல்வெளியில் ஆவி பொதுவாக அந்த வரம்பைக் கடந்த செறிவில் இருக்க, காலி செய்து காயவைத்த தொட்டியோ சரியாக அந்த வரம்புக்குள் வந்து நிற்கிறது. காலித் தொட்டி பாதுகாப்பானது என்ற எண்ணம் பட்டறைகளில் உயிர்களை வாங்கியிருக்கிறது. ஓட்டை விழுந்த தொட்டியைச் சில்லறைச் செலவில் ஒட்டவைப்பதைவிடப் புதிதாகச் செய்விப்பதே அறிவுடைமை.

புதிய தொட்டியின் கசிவைச் சோதிக்க உள்ளே காற்றை அடைத்துச் சோப்புநீர் பூசிக் குமிழி பார்க்கிறார்கள். இதிலும் அளவு முக்கியம்: மேற்சொன்ன தொட்டியில் வெறும் 0.2 பார் அழுத்தமே அடிப்பலகையின் மீது சுமார் 900 கிலோ எடைக்கு ஈடான விசையைச் செலுத்தும். அதைக் கடந்தால் தகடு புடைத்துக்கொள்ளும்.

கடைசியில் பொருத்தப்படும் மிதவையை, அதாவது மட்டத்துக்கேற்ப மின்தடையை மாற்றி முள்ளை நகர்த்தும் கருவியை, கையில் கிடைத்த எதையேனும் வாங்கி மாட்டுபவர்கள் பலர். 1960களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய ஜெனரல் மோட்டார்ஸ் அளவிகள் காலிக்கு 0 ஓம், நிறைவுக்கு 90 ஓம் என்று படிக்கின்றன. அக்காலத்து ஃபோர்டு மிதவைகளோ காலியில் 73 ஓமும் நிறைவில் 10 ஓமும் தருகின்றன. ஒன்றின் மிதவையை மற்றதன் அளவியோடு இணைத்தால், பெட்ரோல் தீரத் தீர முள் நிறைவை நோக்கி ஏறும்.