பேய்ப்படமும் சங்கிலியும்

சென்ற ஞாயிறன்று ஈக்காட்டுத்தாங்கலில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குப் போயிருந்தேன். கூடத்துத் தொலைக்காட்சியில் ‘ஜகன்மோகினி’ ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தனர். உள்ளே நுழைந்த பெரியவர் ஒருவர் பெட்டியை அணைத்துவிட்டு, “இது குராஃபாத்! ஈமானைக் கெடுக்கும் நஞ்சு!” என்று முழங்கினார். நண்பர் என் முகத்தைப் பார்த்தார். பெரியவரின் வயதை எண்ணி அன்று வாய் திறக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பெரியவர் கையாண்ட சொல்லுக்கே ஒரு கதை உண்டு. குராஃபா என்பவர் உத்ரா குலத்து அரபி. ஜின்கள் தம்மைத் தூக்கிச் சென்று சிலகாலம் வைத்திருந்ததாகவும், அங்கே இன்னின்ன அதிசயங்களைக் கண்டதாகவும் ஊர் திரும்பிச் சொன்னாராம். ஊரார் நம்பவில்லை, ஆயினும் கேட்காமலும் விடவில்லை. நம்பவொண்ணாத சுவையான பேச்சுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நம்பாமலே சுவைக்கலாம் என்பது அந்தப் பாலைவாசிகளுக்குத் தெரிந்திருந்தது.

விட்டலாச்சார்யா இந்தக் குராஃபாவின் வழித்தோன்றல் என்பேன். கன்னட நாட்டில் 1920-இல் பிறந்து, தெலுங்கில் குறைந்த செலவில் மாயாஜாலப் படங்களை எடுத்துக் குவித்து, 1999-இல் மறைந்தவர். 1978-இல் வந்த ‘ஜகன்மோகினி’ தமிழும் பேசிற்று. விறகுக்குப் பதிலாகத் தன் கால்களையே அடுப்பில் நீட்டிச் சமைக்கும் பேயை யார் மறப்பார்? கணிப்பொறி வித்தைகள் வாராத காலம். காமிராவை நிறுத்தி, ஆளை அகற்றி, ஆட்டை நிறுத்தி, மீண்டும் ஓட்டினால் மனிதன் ஆடாகிவிடுவான். ஒழுங்காகப் படப்பிடிப்புக்கு வராத நடிகரைக் கிளியாக்கிவிட்டு, எஞ்சிய கதையைக் கிளியை வைத்தே முடித்துவிடுவார் என்றும் சொல்வார்கள். மெய்யோ பொய்யோ, அதுவும் ஒரு குராஃபாவே! தந்திரம் சிறுபிள்ளைக்கும் புலப்படுகிறது. அச்சுறுத்த வந்த பேய் நகைப்பூட்டிவிட்டுப் போகிறது. இதிலே கெடுகிற ஈமான் எப்படிப்பட்ட ஈமான்?

நஞ்சு வேறிடத்தில் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பற்றிற்று. 28 பேர் மாண்டனர். அவர்கள் ஓடவில்லை; ஓட முடியவில்லை. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். அத்தகைய கொட்டகைகளுக்கு நோயாளிகளைக் கொண்டுபோய் விட்டவர் யார்? விட்டலாச்சார்யாவா? பேயென்றும் ஜின்னென்றும் சூனியமென்றும் நம்பிய பெற்றோரும் உடன்பிறந்தோருமல்லவா! மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அறவே தடுத்திருக்கிறது. சட்டம் தடுத்த பின்னரும் தாயத்துக் கடையில் கூட்டம் குறைந்தபாடில்லை.

ஜின்கள் உண்டு, ‘அல்ஜின்’ என்று திருமறையில் ஓர் அத்தியாயமே உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால், உறக்கம் வாராத பெண் ஒவ்வொருத்தியினுள்ளும் ஜின் புகுந்திருக்கிறது என்பது எந்த அத்தியாயத்தில்? நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்தது மட்டும் நமக்கு ஏன் மறந்துபோகிறது?

பெட்டியை அணைத்த அந்தப் பெரியவர், அன்று மாலையே என்னைத் தனியே அழைத்தார். பேத்தி மூன்று மாதமாகச் சரியாக உண்பதில்லையாம், தனக்குத்தானே பேசுகிறாளாம். இறக்கிவிட ஒரு நல்ல கை தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். கீழ்ப்பாக்கத்து அரசு மனநல மருத்துவமனைக்குச் செவ்வாயன்று காலை நானே உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.