நாலு சக்கரமும் எப்போ சுத்தும்?

சனிக்கிழமை காலையில கோட்டக்குப்பம் டீக்கடையில நின்னா, ஈசிஆர்ல பாண்டிச்சேரி போற ஹைலக்ஸ், வி-கிராஸ் எல்லாம் கண்ணுல படும். சேத்துல இறங்கவே செஞ்ச வண்டிங்க. டயர்ல பொட்டு சேறு இருக்காது. அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை, காசு உங்களோடது.

ஒண்ணு ரெண்டு பேர் மட்டும் கடற்கரையில இறக்குறாங்க. அது வேண்டாமே. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமை முட்டையிடுற மணல் அது. மரக்காணம் உப்பள வரப்பும் அப்படித்தான்; ஒரு தடவை சக்கரம் ஏறினா, திரும்பக் கட்டுறது கூலிக்காரங்க.

இங்க தினமும் மண்ணுல இறங்குறது குட்டி யானையும் டிவிஎஸ் எக்ஸெல்லும்தான். ரெண்டுக்கும் பின்சக்கரம்தான் இழுக்கும். சிக்கினா நாலு பேர் தள்ளுவோம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறுச்சு. புதுச்சேரியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை. எங்க தெருவுல முழங்கால் தண்ணி. ஹைலக்ஸ் 700 மி.மீ. தண்ணியிலயும் போகும்னு கம்பெனி சொல்லுது. அன்னிக்கு எங்க தெருவுக்கு வந்தது டிராக்டர்தான்.

அடுத்த புயல்ல ஊர்க்காரங்க கூப்பிட்டா, பாலும் மருந்தும் ஏத்திக்கிட்டு வாங்க. நாலு சக்கரமும் சுத்த வேண்டிய நாள் அதுதான்.