கனடா பிக்கப்பும் வில்லங்கச் சான்றிதழும்

கனடாவிலிருந்து வந்த பழைய பிக்கப் டிரக்கை விலையைப் பார்த்து வாங்காதீங்க, பேப்பரைப் பார்த்து வாங்குங்க. இவ்வளவுதான் நான் சொல்ல வர்றது. மிச்சமெல்லாம் அதுக்கான விளக்கம்.

டெட்ராய்ட் சுத்துப்பட்டுல யூஸ்டு கார் லாட்டுக்குப் போற நம்ம மக்கள் ஒரு விஷயத்தைக் கவனிச்சிருப்பாங்க. பக்கத்து பக்கத்துல ரெண்டு எஃப்-150 நிக்கும். ஒரே வருஷம், ஒரே இன்ஜின். ஒண்ணு மட்டும் ரெண்டாயிரம், மூவாயிரம் டாலர் கம்மி. கேட்டா "அது கனடா வண்டி சார்"னு சாதாரணமா சொல்லுவாங்க. சில இடத்துல நாம கேட்காத வரைக்கும் அதையும் சொல்ல மாட்டாங்க.

எப்படி கம்மியா வருது? பெரிய ரகசியம் எல்லாம் இல்லை. கனடா டாலர் விழுந்தா டிரக்குகள் தெற்கே வரும், ஏறினா போக்கு மாறும். 2002 ஜனவரியில ஒரு கனடா டாலருக்கு 62 அமெரிக்க சென்ட் தான் கிடைச்சுது. 2007 நவம்பர்ல அதே டாலர் 1.10 அமெரிக்க டாலர் வரைக்கும் போச்சு, அப்போ கனடாக்காரங்க இங்கே வந்து வண்டி வாங்கிட்டுப் போனாங்க. 2016 ஜனவரியில திரும்ப 70 சென்ட்டுக்கும் கீழே. 70 சென்ட் கணக்குல 30,000 கனடா டாலர் டிரக், இங்கே 21,000. வியாபாரிக்கு லாபம் அங்கேதான். இதுல தப்பு ஒண்ணும் இல்லை.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. "கனடா வண்டி"ன்னு சொல்றோமே, அந்த எஃப்-150 பிறந்தது அனேகமா நம்ம டியர்பார்ன்லயோ, மிசௌரியில கான்சாஸ் சிட்டி பக்கமோதான். பாலம் தாண்டி விண்ட்சர் போயி, அங்கே சில வருஷம் குடித்தனம் பண்ணிட்டு, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்திருக்கு :-) அதனால விஐஎன் நம்பர் 1-ல ஆரம்பிக்குது, அமெரிக்க வண்டிதான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அந்த முதல் எழுத்து வண்டி எங்கே செஞ்சதுன்னு சொல்லும். எந்த நாட்டுல விக்கிறதுக்காகச் செஞ்சதுன்னு சொல்லாது. அதுக்கு டிரைவர் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்க்கணும். கனடா சந்தைக்குப் போன வண்டின்னா குட்டியா மேப்பிள் இலை இருக்கும்.

சரி, மேட்டருக்கு வருவோம். வண்டியில பிரச்சினை கம்மி, பேப்பர்லதான் அதிகம்.

முதல்ல கிலோமீட்டர். 1,42,000 கிலோமீட்டர்னா சுமார் 88,000 மைல். மீட்டரை மைலுக்கு மாத்துறது சட்டப்படி தப்பில்லை. புது மீட்டர்ல பழைய ஓட்டத்தைச் சரியா ஏத்த முடியலைன்னா பூஜ்யத்துல வச்சு, இடது கதவுச் சட்டத்துல எழுதி ஒட்டணும்னு அமெரிக்கச் சட்டம் சொல்லுது. ஆனா அந்த மாத்துற கேப்புல யாராவது கை வச்சா கண்டுபிடிக்கிறது கஷ்டம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆயில் மாத்தின ரசீதுல என்ன நம்பர் இருந்துச்சுன்னு இங்கே யாருக்குத் தெரியும்?

ரெண்டாவது, விபத்து வண்டி. இங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனி "சால்வேஜ்"னு முத்திரை குத்தினா, மாநிலங்கள் சேர்ந்து வச்சிருக்கிற தேசிய டைட்டில் டேட்டாபேஸ்ல அது ஏறும். கனடா மாகாணங்கள் குத்துற முத்திரை அதுல ஏறாது. அங்கே முத்திரை வாங்கின வண்டி இங்கே புது டைட்டில் வாங்கி, குளிச்சுட்டு வந்த பிள்ளை மாதிரி நிக்கலாம்.

மூணாவதுதான் எனக்குப் பெரிய விஷயம். கடன். இங்கே பேங்க் லோன் இருந்தா டைட்டில்லயே எழுதியிருக்கும். நம்ம ஊர் ஆர்.சி. புக்குல ஹைப்பாதிகேஷன் போடுற மாதிரி. கனடாவுல வண்டிக்கு அந்த மாதிரி டைட்டிலே கிடையாது, ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர்தான். கடன் விவரம் மாகாண அரசோட தனி பதிவேட்டுல இருக்கும். பேப்பரை எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் கடன் கண்ணுக்குத் தெரியாது.

ஊர்ல காலி மனை வாங்கும்போது என்ன பண்ணுவோம்? பத்திரம் பளபளன்னு இருக்குன்னு அட்வான்ஸ் கொடுப்போமா? மூலப்பத்திரம் கேட்போம், முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போடுவோம். பாண்டிச்சேரி ரெஜிஸ்ட்ரேஷன் வண்டியைச் சென்னையில வாங்கினாக்கூட என்.ஓ.சி. இருக்கா, லோன் முடிஞ்சுதான்னு நாலு தடவை கேட்போம். இங்கே வந்ததும் ரிப்போர்ட் சுத்தமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், செக் புக்கை எடுத்துடறோம்.

நண்பர் ஒருத்தர் ஐ.டி. வேலையை விட்டுட்டு கேட்டரிங் ஆரம்பிக்கறார். டிரெய்லர் இழுக்க பிக்கப் வேணும். மொத்தச் சேமிப்பு 19,000 டாலர், பார்த்த வண்டி 17,500. டீலர் காட்டின அமெரிக்க ரிப்போர்ட்ல ஒரு குறையும் இல்லை. ஏன்னா அதுல கடைசி எட்டு மாசம்தான் இருந்துச்சு! அதுக்கு முன்னாடி அந்த டிரக் எங்கே இருந்துச்சுன்னு ஒரு வரி இல்லை. கனடா ரிப்போர்ட்டைத் தனியா காசு கட்டி எடுத்தார். ஒன்டாரியோவுல ஒரு கடன் இன்னும் முடியாம நின்னுச்சு. "பழைய என்ட்ரி சார், அப்டேட் ஆகியிருக்காது"ன்னாங்க. இருக்கலாம். அப்படின்னா பேங்க்கிட்ட இருந்து கடன் தீர்ந்த கடிதம் வாங்கிக் கொடுங்கன்னார். பத்து நாள் ஆச்சு, கடிதம் வரலை. விட்டுட்டார். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனப்போ வண்டி இல்லை, யாரோ வாங்கிட்டாங்க. அந்த யாரோவை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரலை. நாளைக்கு கடன்காரன் வந்தா கேஸ் ஜெயிக்குமோ தோக்குமோ, வக்கீல் ஃபீஸ் அவங்களுது.

வெத்து ரிப்போர்ட் வேற, சுத்தமான ரிப்போர்ட் வேற. கறை இல்லைன்னு யாரும் சான்று கொடுக்கலை. எழுதவே இல்லை, அவ்ளோதான்.

"கனடா வண்டின்னாலே துரு, தொடாதே"ன்னு சொல்ற கட்சியும் இருக்கு. அதையும் ஏத்துக்க மாட்டேன். ஒன்டாரியோ ரோட்டுல கொட்டுற உப்பைத்தான் மிச்சிகன்லயும் கொட்டறாங்க. துரு பாஸ்போர்ட் பார்க்காது. அமெரிக்காவுலேயே டகோமா, டண்ட்ரா ஃபிரேம் துரு கேஸ்ல டொயோட்டா 2016-ல 340 கோடி டாலர் வரைக்கும் செலவாகலாம்னு சொல்லப்பட்ட சமரசத்துக்கு வந்துச்சு. எந்த ஊர் வண்டின்னாலும் லிஃப்ட்ல ஏத்தி ஃபிரேமைச் சுத்தியலால தட்டிப் பாருங்க.

ஆனா இன்னொண்ணைப் பார்க்கணும். ஆல்பர்ட்டா மாதிரி குளிர் ஊர்ல, வேலைக்குப் போன டிரக்கை அணைக்காமலேயே மணிக்கணக்கா உறும விடுவாங்க. மீட்டர்ல கிலோமீட்டர் ஏறாது, இன்ஜின் தேயும். பல டிரக்ல இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு டிஸ்ப்ளேல பார்க்கலாம். மொத்த கிலோமீட்டரை அந்த மணியால வகுங்க. 1,50,000 கிலோமீட்டர், 4,000 மணின்னா சராசரி 37, பரவாயில்லை. 10,000 மணின்னா 15 தான், பாதி நாள் நின்ன இடத்துலயே உறுமியிருக்கு.

சரி, என்ன பண்ணலாம்?

1. கனடா ஹிஸ்டரி ரிப்போர்ட்டை, கடன் தேடலோட சேர்த்து, நீங்களே எடுங்க. டீலர் கொடுக்கிற பிரிண்ட் போதாது.

2. எல்லை தாண்டின கஸ்டம்ஸ் பேப்பர் நகல் கேளுங்க. 2025 ஏப்ரல்ல இறக்குமதி கார், லைட் டிரக்குகளுக்கு 25 சதவீத வரி போட்டாங்க, அதுக்கப்புறம் விதிவிலக்கு, திருத்தம்னு போயிட்டிருக்கு. நீங்களே கொண்டு வர்றதா இருந்தா முதல் செலவு கஸ்டம்ஸ் புரோக்கருக்குத்தான்.

3. வாரன்ட்டி இங்கே செல்லுமான்னு கம்பெனிக்கு விஐஎன் கொடுத்துக் கேளுங்க. சில கம்பெனி தராது. ரீகாலை கனடா அரசுத் தளத்துலயும் தேடுங்க, அமெரிக்க அரசோட தேடல்ல வெளிநாட்டுச் சந்தை வண்டிகள் வராது.

இந்த மூணுக்கும் பதில் இருந்தா தாராளமா வாங்குங்க, நல்ல டீல். பதில் இல்லைன்னா அந்த மூவாயிரம் டாலர் தள்ளுபடி கிடையாது, டீலர் செய்ய வேண்டிய வேலையை உங்க தலையில கட்டுறதுக்குக் கொடுக்கிற கூலி. சொந்தமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிறவர் அந்தக் கூலிக்கு வேலை செய்யலாம். சேமிப்பு முழுக்க ஒரே வண்டியில போடறவர் செய்யக் கூடாது.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. இங்கே ஒவ்வொரு யூஸ்டு வண்டி கண்ணாடியிலும் டீலர் ஒரு படிவம் ஒட்டணும், வாரன்ட்டி உண்டா இல்லையான்னு. 1985-லிருந்து இருக்கிற விதி. அதே படிவத்துல "இந்த வண்டி முதல்ல எந்த நாட்டுல பதிவாச்சு"ன்னு ஒரு வரி சேர்த்தா என்ன குறைஞ்சு போகும்? நேர்மையா வியாபாரம் பண்றவருக்கு அதுல நஷ்டமே இல்லை. அந்த ஒரு வரி வர்ற வரைக்கும், கதவைத் திறந்து மேப்பிள் இலை இருக்கான்னு நாமதான் பார்த்துக்கணும்.